கிளெனிஸின் சுண்டுவிரல்

ராக்கெட்டின் மூக்கில் இடது சுண்டுவிரல் நகத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இழுக்கிறார் கிளெனிஸ். “யாரும் பேசாதீங்கப்பா. சத்தம் கேட்டா என் விரலுக்குக் கவனம் சிதறும்.” பட்டறையில் நாங்கள் ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொள்கிறோம்.

வயது ஐம்பத்தெட்டு. பிரிஸ்பேனில் இருபது வருஷம் பல் செட் செய்தவர். இப்போது ஒலியைவிட ஏழு மடங்கு வேகத்தில் பறக்கும் ராக்கெட் மூக்குக் கூம்புகளை இழைத்து மெருகேற்றுகிறார். “அது வாயில உறுத்தக் கூடாது, இது காத்துக்கு உறுத்தக் கூடாது. அவ்ளோதான் வித்தியாசம்” என்பார். அந்த ஒரு நகத்துக்கு மட்டும் சாயம் கிடையாது. வீட்டில் பாத்திரம் கழுவுவது கணவர் கெவின். ஒருமுறை கார் கதவில் மாட்டி நகம் உடைந்தபோது, “என் கருவி ரிப்பேர்” என்று சொல்லி மூன்று வாரம் லீவு வாங்கினார். அத்தனை லேசர் அளவிகள் வைத்திருக்கும் நாங்களும் மறுபேச்சுப் பேசவில்லை.

கூம்பின் தோலை ஒட்டிச் சீராக ஓடும் காற்று எந்த இடத்தில் குலைகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடும். நடுவில் ஒரு சின்ன மேடு இருந்தால் காற்று அங்கேயே குலைந்துவிடும். பதில் பொய்யாகிவிடும்.

இந்தப் பிப்ரவரியில், ஆஸ்திரேலியக் கோடையில், பாலைவன ஏவுதளத்தில் நாற்பத்து நான்கு டிகிரி வெயில். ஏவுவதற்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது கடைசியாக ஒருமுறை தடவிப் பார்க்கப் போனார். விரல் நின்றது.

“டார்சி, மேடு இருக்கு.”

டார்சி எங்கள் குழுத் தலைவன். “காலைல அளந்தாச்சே அம்மணி! கண்ணாடி மாதிரி இருந்துச்சே!”

“அது ஏசி ரூம்ல. இப்ப வெயில்ல அலுமினியம் உப்பிடுச்சு, முனையில இருக்கிற டங்ஸ்டன் உப்பல. ரெண்டையும் சூடாக்கி வெச்சு இழைச்சிருக்கணும். நான் குளுகுளுன்னு உக்காந்து இழைச்சுத் தொலைச்சுட்டேன்.”

முடியின் தடிமனில் கால்வாசி மேடு. அவர் சொல்லாவிட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நிறுத்தினால் அடுத்த வாய்ப்பு அக்டோபரில்தான். அவருடைய ஒப்பந்தமோ ஜூனில் முடிகிறது, புதுப்பிப்பார்களா என்று மேலிடம் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியே பறக்கட்டும், விட்டுவிடுங்களேன் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

“இறக்குங்க” என்றார் கிளெனிஸ்.

சாயங்காலம் கொட்டகையில் ஈ ஓட்டிக்கொண்டே எல்லாரும் டீ குடித்தோம். டார்சி அன்றைய பதிவேட்டை நிரப்பினான். ஏவுதலை நிறுத்திய காரணம் என்ற கட்டத்தில் ‘பலத்த காற்று’ என்று எழுதினான்.

கிளெனிஸ் எட்டிப் பார்த்தார். “இன்னிக்கு எங்கடா அடிச்சுது காத்து?”

“ஜூன் வருது அம்மணி. காத்து ஒண்ணும் கோச்சுக்காது, விடு.”

“மூணு வருஷமா அந்தக் காத்துக்கிட்டதானே உண்மையைக் கேட்டுக்கிட்டு இருக்கோம்?”

பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். ‘பலத்த காற்று’ என்பதை ஒரே கோட்டில் அடித்தார். அதற்குக் கீழே ‘இழைத்ததில் தவறு’ என்று எழுதி, பக்கத்தில் தன் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார்.