பிளக் பிடுங்கிய ப்ராக்ஸி அனுப்பிய மெயில்

பேய், சகுனம், காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். இதைக் கேட்டு நீங்கள் உள்ளுக்குள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்துகளை வைக்கும் குளிர் கிடங்கு ஒன்று இருந்தது. உள்ளே சூடு ஏறினால் அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்த எனக்கு உடனே மெயில் வர வேண்டும், இல்லையென்றால் மருந்து முழுவதும் குப்பைக்குத்தான். ஆனால் அங்கே மெயில் போகிற வழியை அடைத்து வைத்திருந்தார்கள், வெளியே போக இருந்த ஒரே வழி வெப் பக்கங்கள் பார்ப்பதற்கான ப்ராக்ஸி சர்வர். இதில் மெயில் அனுப்பவே முடியாது என்று எனக்கு முன்னால் வந்தவர்கள் கைவிரித்துவிட்டுப் போன இடம் அது. நான் விடுவேனா? அந்த ப்ராக்ஸியிடமே நைசாகக் கேட்டு, அதன் வழியாகவே மெயில் சர்வரோடு பேசுகிற மாதிரி பெர்ல் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, சூடு பார்க்கிற கம்ப்யூட்டரில் ஓட விட்டேன். முதல் மெயில் வந்து விழுந்தபோது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை. மத்தியானம் அல்சூரில் வீட்டுக்குப் பக்கத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறேன், வருகிறது மெயில், சூடு எல்லை தாண்டிவிட்டது என்று. ஸ்கிரிப்டுக்குத் தெரிந்த வாக்கியமே அது ஒன்றுதான். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் முருகேசனுக்கு வீடு கிடங்குக்கு அடுத்த தெரு, சென்டர் போனிலிருந்தே கூப்பிட்டு விரட்டினேன். கொஞ்ச நேரத்தில் அதே போனுக்கு அவர் கூப்பிட்டார். கம்ப்ரஸர் நின்றுவிட்டது, இன்னொன்றைப் போட்டுவிட்டேன், மருந்து தப்பித்தது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு எதிரில் வந்தவர்களிடமெல்லாம் என் ஸ்கிரிப்ட் பெருமைதான்.

விடுமுறை முடிந்து ஸ்வீட் பாக்ஸோடு முருகேசனைப் பார்க்கக் கிடங்குக்குப் போனேன். ப்ராக்ஸி மெஷின் பொட்டும் பூவுமாக இருந்தது. அதன் ஒயர் சுருட்டி மேலே வைத்திருந்தது.

“இத எப்போ ஆஃப் பண்ணீங்க?”

“பூஜையன்னிக்குக் காலைல சார். மெஷினுக்கும் ரெஸ்ட் குடுக்கணும்ல. சூடு பாக்குற கம்ப்யூட்டர நீங்க தொடக்கூடாதுன்னீங்க, அத விட்டுட்டேன். இது சும்மா நெட் பாக்கறதுதானேன்னு பிளக்கப் புடுங்கி மாலை போட்டேன்.”

“யோவ், இது இல்லாம மெயிலே வெளிய போகாதுய்யா.”

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அவசரமாக அதைத் திரும்ப மாட்டச் சொல்லி, அந்த மெயிலைத் திறந்து, அது வந்த தடத்தைப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், இந்த ப்ராக்ஸியின் முகவரிதான் இருந்தது. அப்போதும் கர்வம் விடவில்லை. பிளக் இல்லாமலே ஓடுகிற ஸ்கிரிப்டை வேறு எவன் எழுதியிருக்கிறான் என்று முருகேசனிடம் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

“ஸ்வல்ப இருங்க சார், கொஞ்சம் பொறுங்க. அன்னிக்கு நான் வந்தப்போ கம்ப்ரஸர் ஓடிட்டுதான் இருந்துச்சு. உள்ள சில்லுனு இருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா என்ன இப்படி ஓடி வர வெச்சுட்டாரேன்னு உங்களத் திட்டிக்கிட்டே கதவப் பூட்டறேன், அப்பதான் சார் நின்னுச்சு.”

அந்த மருந்து எத்தனையோ குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெருமையை யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் ஏறாத சூட்டை ஏறிவிட்டது என்று சொல்லும்படி அந்த ஸ்கிரிப்டில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.