வெட்டாமல் மடிப்பவர்

மின்விசிறியை நிறுத்துகிறார். ஜன்னலைச் சாத்துகிறார். குதிகால் தரையில் படாமல் நடந்து வந்து கணினியின் முன் உட்கார்ந்த பிறகுதான் டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்துகிறார். கேசட்டில் உள்ள பாட்டு ஒயர் வழியாகத்தான் கணினிக்குப் போகிறது. அறையில் இடியே விழுந்தாலும் அதில் பதியாது. இது அவருக்கும் தெரியும்.

"ஒயர்ல போறதுக்கு எதுக்கு மாப்ள மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க?" என்று அக்காவின் கணவர் அடுக்களையிலிருந்து கேட்பார்.

"பழக்கம் மாமா." பதில் பாட்டு முடிந்த பிறகுதான் வரும்.

பாட்டைப் பதிகிறவருக்கு லிப்ட் பழுது பார்ப்பது தொழில். முப்பத்தொரு வருஷமாக, கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்க்காமல் எந்த லிப்ட்டுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் கம்பெனியில் அவர் பெயரே 'மூணுதரம்'. "பொண்ணு பாக்கவும் மூணுதரம் போனீங்களாமே?" என்று ஒருவன் சீண்டியபோது, "நாலு" என்று திருத்தினார்.

அக்கா தையற்காரி. மாமா வீட்டின் இதே அறையில்தான் தைத்தாள். இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் விட்டுப்போனவை இருநூற்றுப் பதினான்கு கேசட்டுகள். எல்லாமே ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்து அவள் பதிந்த பாட்டுகள். பதிவு ஓடும்போது உதட்டில் விரலை வைத்துத் தம்பியை முறைப்பாள். இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் துணி வெட்டுவதை மட்டும் அவள் நிறுத்தமாட்டாள். ஆகவே பாட்டுக்கு அடியில் எங்கேயாவது கத்தரிக்கோல் 'கிரிச் கிரிச்' என்று ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் அவள் பொத்தானை அமுக்குகிற 'டக்'.

நாடாக்களுக்கு வயதாகிவிட்டது. ஓடும்போது துருப்போலப் பொடி உதிர்கிறது. ஒரு முறை ஓடும்; மறுமுறைக்கு உத்தரவாதமில்லை.

"சின்னதா பண்ணிக் குடு மாப்ள. போன்ல போட்டுக்கிட்டு நடக்கறப்ப கேப்பேன். பாட்டு கேட்டாப் போதும்" என்றார் மாமா. தம்பி முதல் கேசட்டை அப்படியே மிகச் சிறிய எம்பி3 ஆகப் பதிந்தார். பெரிய சத்தத்துக்கு அடியில் கிடக்கும் சின்னச் சத்தத்தைக் காது கவனிக்காது என்று கழித்துவிடுகிற வடிவம் அது. பாட்டுக்குப் பழுதில்லை. கத்தரிக்கோல் மட்டும் யாரோ ஈரத்துணியை உதறுகிற மாதிரி ஆகி, பிறகு காணாமலே போயிற்று. பதறிப்போய் மறுபடி ஓட்டினார். நாடா அறுந்தது. அறுந்ததை மாமாவிடம் சொன்னார். கத்தரிக்கோலைச் சொல்லவில்லை. சொன்னால், சின்னதாகக் கேட்டது நான்தானே என்று அந்த மனிதர் உள்ளுக்குள் மருகுவார்.

அடுத்த ஒரு மாதம் ஒரு கேசட்டையும் தொடவில்லை. எந்த வடிவம் நெடுநாள் தாங்கும் என்று படித்தார். தீர்மானித்தது லிப்ட் அனுபவத்தை வைத்து. "கம்பெனிய மூடிட்டான்னா லிப்ட்ல இருக்கற அவன் கண்ட்ரோல் போர்டும் செத்த மாதிரிதான். அப்படி எத்தனையக் கழட்டிப் போட்டிருக்கேன் தெரியுமா? சர்க்யூட் படத்தைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சவனோட லிப்ட் இன்னும் ஓடுது. எவன் வேணா பாத்துச் சரி பண்ணிக்கலாம்." அப்படிப் படம் ஒட்டிய வடிவத்தைத் தேடித் தேடி ஃப்ளாக் (FLAC) என்பதில் வந்து நின்றார். அது எவருடைய சொத்தும் இல்லை. எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பொதுவில் எழுதி வைத்திருக்கிறார்கள். சுருக்கும், ஆனால் இம்மியும் குறைக்காது.

"எம்பி3யும் சுருக்கத்தானே செய்யுது?" என்றார் மாமா.

"அது வெட்டுறது. இது மடிக்கிறது. பிரிச்சா முழுத்துணியும் இருக்கும்."

"தையக்காரி தம்பின்னு காட்டிட்ட. எடத்தை அடைக்குமே?"

"அடைக்கட்டும் மாமா. பெருசுல இருந்து சின்னது எடுத்துக்கலாம். சின்னதுல இருந்து பெருசு வருமா?"

பிரதியும் மூன்று. ஒன்று இங்கே, ஒன்று தன் வீட்டில், ஒன்று வெளியூரில் இருக்கும் தன் மகளிடம். அவள் வேண்டுமென்று கேட்கவில்லை, தபாலில் போய்ச் சேர்ந்தது.

வழக்கமாக ஹெட்போனில்தான் கேட்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வேலையிடத்தில் மறந்து வைத்துவிட்டதால் ஸ்பீக்கரை மெதுவாக வைத்திருந்தார். எண்பத்தேழாவது கேசட். மாமா இரண்டு கண்ணாடி டம்ளர்களில் டீயோடு வந்தார்.

"மாப்ள, ஆறிடப்..."

நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். பாட்டுக்கு அடியில் கிரிச், கிரிச். பிறகு நீளமாக ஒரு வெட்டு. வெட்டிய துணி மேசையிலிருந்து சரிகிற சத்தம்.

மேசை இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. டம்ளர்கள் கொதித்தன. விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடியபடி மாமா நின்றார். தம்பி அதைப் பார்த்தார், எழுந்து போய் வாங்கவில்லை. பாட்டு இன்னும் இரண்டு நிமிஷம் ஓடியது.

'டக்' என்று கேட்ட பிறகுதான் டம்ளர்கள் மேசைக்கு வந்தன.