அடுத்த கப்பல்

பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் தோட்டத்து லொறி என்னைக் கண்டதும் ஓரம் கட்டியது. டிரைவர் இறங்கி வந்தார்.

"செல்லம்மா அக்கா போய் சேந்துட்டாங்க தங்கச்சி. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம், தண்ணி கேட்டாங்களாம். அவ்வளவுதான்."

நடுச்சந்தியில் பையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கஹவத்தைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் அவரும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன பிறகு கைப்பிள்ளைகள் எங்களிடம்தான். இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அக்காவின் மடியில் தூங்கியவர்கள். அவரைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்ல? ஓயாமல் ஏசுவார், ஏசிக்கொண்டே மூக்கைத் துடைத்துவிடுவார். எதைச் சொன்னாலும் தாங்குகிற மனுஷி, ஒரேயொரு சொல்லைக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவார். கப்பல்.

அந்தச் சொல் நம் வாயில் எத்தனை தடவை வருகிறது என்பதே அவரோடு இருந்துதான் எனக்குத் தெரிந்தது. யாராவது கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தால், "என்ன, கப்பல் கவுந்துருச்சா?" என்று கேட்கிறோம். புருஷன் பெண்சாதி சண்டை லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டால் மானம் கப்பலேறிவிட்டது என்கிறோம். தோட்டத்தில் இதற்கெல்லாம் மேலே இன்னொன்றும் உண்டு. இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தலைமன்னாரில் ஏறிப்போன குடும்பங்களை "அவங்க கப்பல் ஏறிட்டாங்க" என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கஹவத்தைக் கடை முதலாளி ஒருநாள் சிரித்துக்கொண்டே சிங்களத்தில், "கவதாத நெவட்ட நகின்னே?" என்று அக்காவிடம் கேட்டார். எப்போது கப்பல் ஏறப்போகிறாய் என்று கேலி. "மம கொஹேவத் யன்னே நே," நான் எங்கேயும் போகவில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தவர், வழியெல்லாம் என்னை விட்டுவிட்டு முன்னால் வேகமாக நடந்தார்.

மழை பிடித்துக்கொண்டால் மடுவத்துப் பிள்ளைகள் கடதாசியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கானில் ஓடும் மழைத் தண்ணீரில் கப்பல் விட வேண்டுமென்று. அக்கா மடிக்கத் தொடங்குவார். பாதியில் தொப்பி வரும். அதோடு நிறுத்தி, பிள்ளையின் தலையில் கவிழ்த்துவிட்டு, "போ, தொரை மாதிரி இருக்க" என்பார். எங்கள் மடுவத்தில் மழை நாளில் எல்லாரும் துரைமார்தான். கானில் தண்ணீர் சும்மா ஓடும்.

ஒருமுறை பொறுக்காமல், கப்பல் என்றால் ஏன் இப்படி என்று கேட்டே விட்டேன். பிள்ளைகளெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க அம்மா அப்பாவுக்கு இந்தியா கெடச்சிச்சு. நான் கட்டிக்கிட்ட எடத்துல இங்கதான் இருக்கணும்னுட்டாங்க. தங்கச்சி பாப்பாத்திக்கு அப்ப எட்டு வயசு. தலைமன்னார் வரைக்கும் கூடப் போனேன்டி. கைய விடவே மாட்டேன்னுட்டா. நீ வந்தாத்தான் ஏறுவேன்னு ஒரே அழுகை. நீ ஏறு தங்கம், அக்கா அடுத்த கப்பல்ல வந்துர்றேன்னு சொல்லி ஏத்திவிட்டேன்." தூங்குகிற ஒரு பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டார். "நான் எழுதியே கொடுக்கலடி. எந்தக் கப்பல்ல வாறது? பச்சப் புள்ளைய ஏமாத்திட்டேனே."

அவர்கள் போனபிறகு நாட்டில் சண்டை வந்தது, கப்பலே நின்றுபோனது. வருஷங்கள் போயின.

சமாதானம் என்று சொன்னார்களே, அந்தக் காலத்தில் இந்தியாவில் கோத்தகிரிக்குப் போய்வந்த ஒருவர் பாப்பாத்தியின் நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தார். கஹவத்தையில் போன் பேசும் கடைக்கு அக்காவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கத்திலிருந்து எடுத்த எடுப்பில் ஒரு சிரிப்பு எனக்கே கேட்டது. "அக்கா! எந்தக் கப்பல்லக்கா வாற?" அக்கா அழுதார், வைத்துவிட்டார். மறுபடி பேசச் சொன்னால் மாட்டேன் என்றார். "நேர்ல போயி, அவ கையப் புடிச்சிக்கிட்டு, பொய் சொல்லிட்டேன்டின்னு சொல்லணும். போன்ல சொல்ற விஷயமா இது?"

தலைமன்னாரிலிருந்து திரும்பவும் கப்பல் விடப்போகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. எவன் கிளப்பினானோ, நன்றாயிருக்கட்டும். அக்கா அடியோடு மாறிப்போனார். விடிந்தால் கப்பல், பொழுது சாய்ந்தால் கப்பல். மழை பெய்ததும் கடதாசியைத் தொப்பியோடு நிறுத்தாமல் முழுக்க மடித்தார். கானில் விட்டுவிட்டு, "போயி அவகிட்ட சொல்லு, அக்கா வாறேன்னு" என்று பிள்ளைகளோடு சேர்ந்து கத்தினார். "பிளேன்ல போங்களேன், எல்லாரும் சேந்து பாத்துக்குறோம்" என்றேன். "நான் கப்பல்ல வாறேன்னுதான்டி சொன்னேன்" என்றார். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் கோபமாக வருகிறது.

கப்பல் வரவில்லை. சண்டைதான் திரும்பி வந்தது. அக்கா மறுபடி தொப்பிக்கே வந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பாப்பாத்திக்கு நான் போன் செய்தேன். அவள் அழுது ஓயும்வரை காத்திருந்தேன். அக்கா சொல்லாமல் போனதை யாராவது சொல்ல வேண்டுமே. அன்றைக்குப் பொய் சொன்னதை, அந்த ஒன்றுக்காகவே கப்பலுக்குக் காத்திருந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியுங்க," என்றாள் பாப்பாத்தி. "எங்கம்மா முந்தின நாளே சொல்லிருச்சு, அக்கா வராதுன்னு. நான் ஏறலன்னா அக்கா இன்னும் அழுவும்னுதான் நம்புன மாதிரி ஏறிட்டேன். சிரிச்சிக்கிட்டேதானே கையாட்டுனேன்? அக்கா அதச் சொல்லலியா?"

சொல்லவில்லை. அழுத கண்ணுக்கு அந்தச் சிரிப்பு தெரிந்திருக்காது.

இன்றும் மழை. பிள்ளைகள் கடதாசியோடு வந்து நிற்கிறார்கள். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த மடிப்பு மட்டும்தான். தொப்பிவரை என் கை தானாகப் போகிறது, அதற்குமேல் கண் மறைக்கிறது.

அக்கா, கேட்குதா உங்களுக்கு? அவளுக்குத் தெரியுமாம்.