வயலினுக்குத் துருத்தி போட்ட கை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனால் பாட்டுக் கட்ட எழுத்து வேண்டியதில்லை. வன்னியம்பட்டி சர்ச்சில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆர்மோனியப் பெட்டி வாசித்தவள் நான்தான். வலது கை கட்டையில், இடது கை காற்றடிக்கும் துருத்தியில். அந்தப் பழக்கத்திலேயே அறுப்புப் பண்டிகைக்கென்று ஒரு பாட்டு நானே மெட்டுப் போட்டேன். அது நிறைய வயலின்களோடு கேட்க வேண்டும் என்பது என் ஆசை. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் அப்படிக் கேட்டதிலிருந்து அந்தச் சத்தம் என்னை விடவில்லை.

என் மருமகள் ராஜபாளையத்தில் மாடி அறையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்த அறை. "வயலின்காரங்க யாரும் வர வேண்டாம் அத்தை, கம்ப்யூட்டர்லயே இருக்காங்க" என்றாள். எங்கேயோ சீமையில் ஒரு பெரிய மண்டபத்தில் கூட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக ஒரு தரம், பலமாக ஒரு தரம் என்று வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறார்களாம். நாம் கட்டையை அமுக்கினால் அந்தச் சுரம் எழுந்து வரும்.

அவள் என் மெட்டை வாசித்துப் பதிந்தாள். அதை எங்கள் பாடகர் குழுவை நடத்தும் என் கொழுந்தனாருக்குப் போட்டுக் காட்டினோம்.

"மதினி, மெட்டு நல்லாத்தான் இருக்கு. வயலினுக்குத்தான் உசுரில்ல. கரண்டுக் கம்பி இரையுற மாதிரி ஒரே சீரா இரையுது. ஞாயித்துக்கிழமை வரை பாப்பேன். சரியாகலன்னா கடையில விக்கிற பாட்டைப் போட்டுப் பாடிருவோம்" என்றார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அவர் சொன்னது நிசம்தான்.

மருமகள் யோசித்துவிட்டு, கீபோர்டின் இடது ஓரத்தில் இருந்த சின்னச் சக்கரத்தைக் காட்டினாள். "மேலே தள்ளினா பலமா வாசிச்சது வரும், கீழே இழுத்தா மெதுவா வாசிச்சது வரும். நான் இதைத் தொடாமலே வாசிச்சிட்டேன். சுரமெல்லாம் அப்படியே இருக்கட்டும். சக்கரத்தை மட்டும் நீங்க ஓட்டுங்க, தனியாப் பதிஞ்சுக்கலாம்."

இடது கைக்கு வேலை என்றதும் என் கை துருத்தி போட ஆரம்பித்துவிட்டது. தள்ளு, இழு, தள்ளு, இழு. போட்டுக் கேட்டால், முயல் விரட்டிவிட்டு வந்த நாய் மாதிரி அம்புட்டு வயலினும் இளைக்குது! மருமகள் நாற்காலியில் சாய்ந்து சிரிக்கிறாள்.

"ஏட்டி, சிரிக்காத! எத்தனை வருசத்துக் கை இது!"

செத்த நேரம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. ஆர்மோனியம் காற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நாம் எப்படித் தள்ளினாலும் அது நிதானமாகக் கொடுக்கும். இந்தச் சக்கரத்தில் சேமிப்பு கிடையாது. கை அசைவதெல்லாம் அப்படியே காதில் விழும். ஆகவே கையை அடக்கி, கண்ணை மூடிக்கொண்டு, சபையார் எங்கே மூச்சு எடுப்பார்களோ அங்கே இறக்கி, எங்கே தொண்டை திறப்பார்களோ அங்கே மெல்ல ஏற்றினேன். பல தரம் அழித்து அழித்துப் பதிந்தோம். கடைசி அடியில் வயலின்கள் எழும்பியபோது மருமகள் சிரிக்கவில்லை. "அத்தை, கையை எடுக்காதீங்க" என்று மட்டும் கிசுகிசுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வந்து கேட்டார். இரண்டாவது அடியிலேயே தன் கட்டைக் குரலில் கூடப் பாட ஆரம்பித்துவிட்டார். பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

பண்டிகையன்று, நாங்கள் பதிந்த வயலினை ஸ்பீக்கரில் போட்டுக் குழு பாடி முடித்தது. அடுத்தது காணிக்கைப் பொருள் ஏலம். ஏலம் விடுகிறவரும் கொழுந்தனார்தான். ஒரு கையில் மைக், ஒரு கையில் சேவல். அவர் வாயைத் திறக்குமுன் கூட்டத்திலிருந்து சத்தம்: "ஏலம் கிடக்கட்டும், இன்னொரு தரம் பாடுங்க!" சுந்தரபாண்டியத்திலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்தே நின்று, "வயலினுக்கு எந்த ஊர் ஆளுக?" என்று கேட்டார்.

சேவல் ஒரு பக்கம் கத்துகிறது. கொழுந்தனார் அதை இடுக்கிக்கொண்டு மைக்கில் சொன்னார்: "வாசிச்சது சீமையில உள்ளவங்க. கம்ப்யூட்டர்ல கோத்தது எங்க வீட்டு மருமக. உசுரு குடுத்த இடது கை, அந்தா முன்னால உக்காந்திருக்காகளே, எங்க மதினியோடது."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினேன். பாட்டு மறுபடி ஆரம்பித்தது.