மெழுகுவர்த்திக்காரி

ஷார்ஜாவில் என் கணவர் வேலை செய்யும் படச்சட்டக் கடையில் நிற்கிறேன். விசிட் விசாவில் வந்திருக்கும் எனக்குக் கடையைச் சுற்றிக் காட்டுகிறார். நான் பார்ப்பதோ அவர் மேசைக்கு நேர் எதிரே தொங்கும் பெண்ணை.

பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் அச்சுப் படம். இருட்டறையில் ஒற்றை மெழுகுவர்த்தியின் முன்னால் மகதலேனா மரியாள் உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்திலும் தோளிலும் மட்டும் வெளிச்சம்.

“சட்டம் போடக் குடுத்தவன் திரும்பி வரல்ல. வருசக்கணக்கா இங்கதான் இருக்கா. செஞ்ச பாவத்த நெனச்சு அழுவுறா. அந்த வெளிச்சம் இருக்குல்லா, அதுதான் ஆண்டவரு.”

என்னிடம் இவ்வளவு மெதுவாக அவர் பேசியதே இல்லை.

“நம்ம கல்யாணப் படம் எங்க?”

மேசை டிராயரைத் திறந்து எடுக்கிறார். “வெளிய வச்சா மங்கிரும்லா.”

“அவ மங்க மாட்டாளோ?”

படத்தை என் கையில் தருகிறார். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் என் முகத்தில் ஒரு நிழல்கூட இல்லை. ஒரே பார்வையில் பார்த்து முடித்துவிடலாம். அவளுடைய இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று வருடக்கணக்காகத் தேடலாம்.

கடைக்குள் வந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண் அந்தப் படத்தைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொள்கிறாள். விலை கேட்கிறாள்.

“நாட் ஃபார் சேல், சிஸ்டர்” என்கிறார் இவர்.

நான் ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றுகிறேன். முந்தானையால் தூசியைத் துடைத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கிறேன்.

“ஃபார் சேல்.”

அழுக்கேறிய சுவரில் அவள் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.