காப்பாற்றப் போன கால்

போன மாதம் ஒரு பறவையைக் காப்பாற்ற ஓடினேன். அந்தப் பறவை இன்னும் என்னை மன்னித்திருக்காது.

விடுமுறைக்கு நானும் என் மனைவி வசந்தாவும் குஜராத்தின் கட்ச் பக்கம் போயிருந்தோம். பாலைவனப் பறவை, கடற்கரைப் பறவை... இரண்டும் ஒரே பயணத்தில். தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைட் மண்மேட்டைப் பார்த்தே வளர்ந்த கோலார் தங்கவயல்காரனுக்குப் பாலைவனம் பார்க்க அத்தனை தூரம் எதற்கு என்று கேட்காதீர்கள். மூன்று நாள் ஜீப்பில் குலுங்கிக் கல்கௌதாரிகளைப் பார்த்தேன். அவையும் என்னைப் பார்த்தன. பெரிய மகிழ்ச்சி ஒன்றும் அடைந்ததாகத் தெரியவில்லை.

நான்காம் நாள் கடற்கரை. நல்ல வெயில். அலை எட்டாத மணலில் ஓர் உப்புக்கொத்தி — சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது — ஓர் இறக்கையை இழுத்தபடி நொண்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் ஒருவன் அடிபட்டால் முதலில் ஓட வேண்டும், யோசனையெல்லாம் அப்புறம். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவன் அப்படித்தான் வளர்ந்தான். நான் ஒரு ஷிஃப்ட்கூட உள்ளே இறங்கியதில்லை, பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன்... ஆனாலும் ஓடினேன். எழுபத்தொரு வயதில், கையில் துண்டுடன்.

“இன்னாத்துக்கு ஓடுறீங்க?” என்றாள் வசந்தா.

“றெக்கை ஒடிஞ்சிருக்கு. புடிச்சிக் கட்டுப் போடணும்.”

“நீங்க நின்னா அதுவும் நிக்குது. நீங்க ஓடினா ஓடுது. உங்களை எங்கியோ இட்டுனு போவுதுங்க. நில்லுங்க.”

“பறவையைப் பத்தி எனக்கே சொல்றியா?”

“சொன்னா மட்டும் கேட்டுடப் போறீங்களா.”

முட்டையிடமிருந்து எதிரியைத் திசைதிருப்ப, இறக்கை ஒடிந்ததுபோல் நடிக்கும் பறவைகளைப் பற்றி நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். பரீட்சையில் கேள்வி கேட்டிருக்கிறேன். தப்பாக எழுதியவனை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். பாடம் எல்லாம் மாணவர்களுக்குத்தானே?

துரத்தினால் அகப்படாது, சுற்றி வந்து மடக்கலாம் என்று எதிர்ப்பக்கமாக வளைந்தேன். பறவை பதறிக் கத்தியது. வலியில் கத்துகிறது, பாவம் என்று வேகத்தைக் கூட்டினேன். காலடியில் ஏதோ நொறுங்கியது.

மணல் நிறத்தில், கரும்புள்ளியோடு மூன்று முட்டைகள் இருந்திருக்கின்றன. இப்போது ஒன்று. நொண்டிய பறவை ஜிவ்வென்று எழும்பி என் தலைக்கு மேல் வட்டமிட்டது. இறக்கைக்கு ஒன்றுமே இல்லை.

வசந்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். “அந்த ஒண்ணாவது பொழைக்கட்டும். நாம இங்க நிக்கிற வரைக்கும் அது எறங்காது. வெயில்ல முட்டை வெந்துடும். வாங்க.”

தொலைவில் ஜீப் நிழலில் உட்கார்ந்தோம். பைனாகுலரில் முட்டை மட்டும் தெரிந்தது.

“வருமா?” என்றேன்.

“வாத்தியார் நீங்க. நீங்கதான் சொல்லணும்.”

வந்தது. உடைந்த ஓடுகளைச் சுற்றி இரண்டு முறை நடந்தது. பிறகு, மிஞ்சியதன்மேல் உட்கார்ந்துகொண்டது. வசந்தா பெருமூச்சு விட்டாள். எனக்கு அதற்கும் தைரியம் வரவில்லை.

உதவிக்கு ஓடும்போது நமக்குப் பிறர் சொல்வது கேட்பதில்லை. ஒரு நல்லவன் ஓடிக்கொண்டிருக்கிறான் என்ற சத்தம்தான் கேட்கிறது... அது நம் காலடிச் சத்தம்தான்.

ஊர் திரும்பியதும், “இன்னா சார், எத்தினி பறவை பாத்தீங்க?” என்று எல்லோரும் கேட்டார்கள். நாற்பத்தேழு வகை என்றேன். பார்க்காமல் மிதித்தது எத்தனை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு.