தாழ்த்திய காரும் ஒன்பது பேரும்

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கல்லூரியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணம் வேண்டாம் என்றதும் வீட்டில் அழுதார்கள். கார் வேண்டும் என்றதும் சிரித்தார்கள். யாராவது சிரித்தால் எனக்குப் பிடிவாதம் வந்துவிடும். எண்பதுகளின் தொடக்கம் அது. எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த, இரண்டே கதவுள்ள சின்ன வெளிநாட்டுக் காரை என் சேமிப்பைப் போட்டு வாங்கினேன். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் அண்ணன் பெயர். "பொம்பளை பேர்ல எதுக்கு?" என்றார். நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன். அன்றிலிருந்து பாலக்கரை முழுக்க அது "சார் கார்". ஓட்டுவது நான். சாரான அண்ணனுக்கோ கியர் எது, ஹேண்ட் பிரேக் எது என்று தெரியாது.

வண்டி நல்ல வேகம் போகும். ஆனால் ஜீயபுரம் சாலையில், காவிரிக்கரை வளைவுகளில், ஒரு பக்கமாகச் சாயும். ஒல்லிச் சக்கரத்தில் அது உயர்ந்து நிற்பதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியைத் தரைப்பக்கம் தாழ்த்த வேண்டும், அலுமினியச் சக்கரம் மாட்ட வேண்டும் என்று பைத்தியம் பிடித்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாயிடம் போனேன். மெட்ராஸிலிருந்து வந்த பழைய சக்கரங்கள் அவரிடம் இரண்டு செட் இருந்தன. ஒன்று நல்ல அகலம். மற்றது கொஞ்சம் குறுகல், எடையும் குறைவு. போல்ட் துளைகளை அட்டையில் வரைந்து வெட்டி நானே வைத்துப் பார்த்தேன். இரண்டுமே பொருந்தின.

"குறுகலை எடுத்துக்கங்க டீச்சரம்மா. அகலம் வளைவுல பாடியில உரசும்" என்றார் பாய்.

"உரசாது பாய். நான் அளந்துட்டேன்."

"சரிங்க. ஸ்பிரிங்க ஒரு சுத்து வெட்டவா?"

"ஒன்னரை."

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு நான்கு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று வெட்டினார். மாட்டி இறக்கியதும் வண்டி நாலு விரல் தாழ்ந்து, சக்கரம் நாலும் பளபளவென்று நின்றது. அடேயப்பா! ஜீயபுரம் வரை தனியாக ஓட்டிப் போய் வந்தேன். வளைவில் சாயவே இல்லை. வழியெல்லாம் வாய்விட்டுப் பாடினேன்.

அடுத்த ஞாயிறு சர்ச் பூசைக்கு வீடே ஏறியது. அம்மா, சித்தி, அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள் மூன்று பேர், நான். எட்டுப் பேர். தெருமுனை திரும்பியதும் டயர் பாடியில் உரசிக் 'கிரீச்' என்றது. அண்ணன் பல்லைக் கடித்தார். கோயில் வாசலில் சாக்கடை மேல் போட்ட பலகைக்கல்லில் ஏற்றினேன். 'டமார்' என்று ஒரு சத்தம். சைலன்சர் கழன்று தரையில் கிடந்தது. பங்கு மக்கள் அத்தனை பேரும் படியில் நின்று பார்த்தார்கள்.

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க?" என்று அங்கேயே ஆரம்பித்தார் அண்ணன். வீட்டுக்கு வந்ததும் முடிவே சொல்லிவிட்டார். "டாக்டர் ஒருத்தர் ரொம்ப நாளா கேக்குறாரு. இந்த மாசம் தள்ளிவிட்டுடப் போறேன். கையெழுத்து என்னுது."

அதுதான் சுருக்கென்று தைத்தது. கையெழுத்து அவருடையது. அவர் நினைத்தால் நாளைக்கே என் கார் போய்விடும். கோபத்தில் எனக்கு வாய் முந்திக்கொண்டது. "மூணு வாரத்துல லால்குடியில ஞானஸ்நானம் இருக்குல்ல? சித்தி பேரனுக்கு? எல்லாரையும் இதே கார்ல, தாழ்த்தின கார்ல கூட்டிட்டுப் போறேன். ஒரு இடத்துல தட்டினாலும் வித்துக்கங்க. வாயே திறக்க மாட்டேன்."

"தட்டலைன்னா?"

"தட்டலைன்னா கார் யாருதுன்னு நீங்களே சொல்லுங்க."

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் என் தோழியிடம் கொட்டினேன். அவள் கணக்கு நடத்துபவள், ஸ்ரீரங்கத்துக்காரி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. "ஏண்டி, நீ எப்படி அளந்தே? நீ ஒருத்தி மட்டும் ஏறி உட்கார்ந்துண்டா?"

"ஆமா."

"நம்ம ஊர்ல எந்தக் கார்டி ஒருத்தரோட போயிருக்கு? எடை ஏற ஏற ஸ்பிரிங் அமுங்கும்னு பாடம் நடத்தறவ நீ! ஊருக்குத்தான் உபதேசமாக்கும்?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் புத்தகத்தைப் பார்த்து அளந்த அளவுகள் வெள்ளைக்காரன் தன் மனைவியோடு ஊர் சுற்ற எழுதிய அளவுகள். கல்யாணம், காதுகுத்து, பூசை என்று ஒரு வீடே அடைந்து போகிற காருக்கு, வீட்டை ஏற்றித்தான் அளக்க வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டால் விஷயம் அண்ணன் காதுக்குப் போகும். தோழிதான் வழி சொன்னாள். சனிக்கிழமை அவளுடைய அத்தையும் மாமிகளும் ஜவுளி எடுக்க வந்தார்கள். அவர்களை அப்படியே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாரும் மடிசார், எல்லாரும் நல்ல கனம்.

"உட்கார்ந்தா மட்டும் போறுமா? எங்கேயும் போக வேண்டாமா?" என்று கேட்டார் அத்தை.

"வேண்டாம் அத்தை. நன்னா சாஞ்சு உட்காருங்கோ."

"பெருமாளே, இது என்னடி புது ஸேவை!"

ஆறு பேர் அடைந்து உட்கார்ந்து அரை மணி நேரம் விஷ்ணு சகஸ்ரநாமம் சொன்னார்கள். பாய் தரையில் படுத்து ஸ்கேல் பிடித்தார். நான் நோட்டில் எழுதினேன், தோழி கூட்டினாள். வெட்டிய ஸ்பிரிங் ஆறு பேருக்கே படுத்துவிட்டது. வெட்டினால் போதாது, கம்பியே கனமாக வேண்டும் என்று புரிந்தது. வேன்களுக்கு ஸ்பிரிங் சுருட்டும் ஒருவரிடம் பாய் அழைத்துப் போனார். கனமான கம்பியில், குட்டையாக, பின்பக்கத்துக்கு இன்னும் விறைப்பாகச் சுருட்டி வாங்கினோம். நாலு விரல் தாழ்ச்சி இரண்டு விரலாயிற்று. அகலச் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துக் குறுகலை மாட்டினேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தால் வண்டி முன்னைவிட லேசாகத் திரும்பியது.

"இத நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் பாய். சொன்னார்தான்.

ஞானஸ்நான ஞாயிறும் வந்தது. எட்டுப் பேர், முறுக்கிய முகத்தோடு முன்சீட்டில் அண்ணன். காவிரிப் பாலம் தாண்டினோம். கொள்ளிடப் பாலம் தாண்டினோம். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எங்கே உரசுகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் உரசவில்லை. டோல்கேட் வந்ததும் "நிறுத்து" என்றார். பஸ் ஸ்டாப்பில் எங்கள் பெரியப்பா நின்றிருந்தார், கையில் ஒரு முழுப் பலாப்பழம். அண்ணன் சொல்லி வைத்துத்தான் வரவழைத்திருக்கிறார்!

"ஏன், ஏறக் கூடாதா?" என்றார் அண்ணன், முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

"தாராளமா ஏறட்டும். பலாப்பழத்தையும் மடியில வச்சுக்கங்க" என்றேன். ஆனால் ஒன்பது பேருக்கு நான் அளக்கவில்லை.

லால்குடிக்குச் சற்று முன்னால் ரயில்வே கேட். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் மேடு, நடுவில் மாட்டுவண்டி போட்ட பள்ளம். கேட் திறந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. முதல் கியர் போட்டு, கொஞ்சம் கோணலாக ஏற்றினேன். சித்தி ஜெபமாலையை எடுத்துவிட்டார். முன் சக்கரம் ஏறி இறங்கியது. வண்டி அமுங்கியது, அமுங்கி நின்றது, எழுந்தது. பின் சக்கரமும் இறங்கியது. சத்தமே இல்லை.

"தட்டலை!" என்று பின்னாலிருந்து கத்தினான் அண்ணனின் கடைக்குட்டி.

அண்ணன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இரண்டாவது போட்டு, மூன்றாவது போட்டு, லால்குடி வரைக்கும் வண்டியை விட்டேன் பாருங்கள், பின்னால் வந்த பஸ் கண்ணிலேயே படவில்லை. பெரியப்பா பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இறங்கியதும் ஆண்கள் காரைச் சுற்றிக்கொண்டார்கள். சித்தியின் மருமகன் குனிந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, என்னா நிப்பு நிக்குது! மச்சான், உங்க காரா இது?" என்று கேட்டார்.

அண்ணன் சட்டைக் கசங்கலை நீவிக்கொண்டார். "எனக்கு ஏது கார்? தங்கச்சி கார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்குக் காலேஜுக்கு லீவு சொல்லிடு. ஆர்.சி. புக்க உன் பேருக்கு மாத்திட்டு வந்துடுவோம்" என்றார்.

அன்றைக்கு ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் விட்டபோது குழந்தை அழவில்லை. நான்தான் அழுதேன். சித்தி பக்தி என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜெயித்த சந்தோஷம்.